புக்கிட் பிரவுன் மயானத்தில் தொண்டூழியர்கள் நடத்தும் வழிநடை: ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் மயானத்தைத் தொண்டூழியர்களுடன் சுற்றிப் பார்க்க விரும்புவோர்க்கு முதலில் சொல்ல வேண்டியது, இது பேய்க்கதை சொல்லும் உலா அன்று என்பதே. தம்மைப் ‘பிரௌனீஸ்’ என்று அழைத்துக்கொள்ளும் இவர்கள், கட்டணம் எதுவும் பெறாமல், ஒரு கல்லறையை எப்படி வாசிப்பது என்று கற்றுத்தருகிறார்கள். அதில் அவர்கள் காட்டும் பொறுமைக்காகவே இந்த வழிநடையை நான் பரிந்துரைக்கிறேன்.

சீனர்களுக்கான நகராட்சி மயானமாக 1922இல் திறக்கப்பட்டு, 1973இல் மூடப்பட்ட இவ்விடத்தில் ஏறத்தாழ 1,00,000 கல்லறைகள் இருந்தன. அடர்ந்த மரங்களுக்கும் புதர்களுக்கும் இடையே அவை வெறும் கற்களாகவே முதலில் தெரிகின்றன. ஆனால் இறந்தவரின் பெயர் எங்கே, குடும்பம் புறப்பட்டு வந்த சீன ஊரின் பெயர் எங்கே, பிள்ளைகளின் பெயர்கள் எங்கே என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியதும், ஒரு குடும்பத்தின் வரலாறே கண்முன் விரிகிறது. பல கற்களில் சீனக் குடியரசின் ஆண்டுக்கணக்கு பொறிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணுடன் 1911ஐக் கூட்டினால் நமக்குப் பழக்கமான ஆண்டு கிடைத்துவிடும். இதைக் கற்ற பின்னர், சீனம் அறியாத நானும் சில கல்லறைகளின் காலத்தைக் கணக்கிட முடிந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

எம்ஆர்டி எனும் சிங்கப்பூர் பெருவிரைவு ரயிலின் நிலையப் பெயராக மட்டுமே பலரும் அறிந்த வணிகர் சியூ பூன் லே இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டவர். கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பிச் செல்வம் சேர்த்த ஓங் சாம் லியோங்கின் கல்லறை, ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்புடன் இங்குள்ளவற்றுள் மிகப் பெரியது. அவ்வளவு பெரிய கல்லறையே புதருக்குள் மறைந்து கிடந்து, 2006இல் ரேமண்ட் கோ, சார்ல்ஸ் கோ சகோதரர்களின் தேடலால்தான் வெளிப்பட்டது என்றால், எளியவர்களின் கல்லறைகள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சில கல்லறைகளின் முன் காவல் நிற்கும் சீக்கியர் சிலைகளையும் தவறவிடக் கூடாது. அக்காலச் சிங்கப்பூரில் செல்வர் வீடுகளைக் காத்தவர்களின் உருவங்கள் அவை.

மயானத்தின் ஊடே எட்டுத் தடச் சாலை அமையும் என்று 2011இல் அறிவிக்கப்பட்ட பிறகுதான் இந்தத் தொண்டூழியம் ஒரு குழுவாகத் திரண்டது. சாலைக்காக ஏறத்தாழ 4,000 கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. எஞ்சிய நிலமும் எதிர்காலக் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டதே. இதை வழிகாட்டிகள் மறைக்காமலும், கசப்பைக் கொட்டாமலும் எடுத்துரைப்பது எனக்குப் பிடித்திருந்தது. இவர்களின் முயற்சியால் ஆபத்தில் உள்ள மரபிடங்களைச் சுட்டும், 2014ஆம் ஆண்டுக்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் (World Monuments Watch) இம்மயானம் இடம்பெற்றது. மூதாதையரின் கல்லறையைத் தேடி வருவோர்க்கு அடக்கப் பதிவேடுகளின் துணையுடன் இடத்தைக் கண்டுபிடித்துத் தருவதை, வழிநடையைவிடவும் பெரிய சேவையாக நான் கருதுகிறேன்.

செல்வோர் மூடிய காலணியும் கொசுத் தைலமும் குடிநீரும் கொண்டுசெல்ல வேண்டும். மழைக்குப் பின் சரிவுகள் வழுக்கும். முதியவர்களை அழைத்துச் செல்வோர், கரடுமுரடான பாதை எதுவரை என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளைகளை அவசியம் உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழிலும் ஒரு வழிநடை அமைந்தால், நான் என் பெற்றோருடன் மீண்டும் செல்வேன்.