முகமா, முதுகா? பழைய கார் லைட் சுவிட்சை அடையாளம் காண

கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த சாமான்களோடு ஒரு கார் லைட் சுவிட்ச் என் கைக்கு வந்தது. உள்ளங்கை அளவு வட்டம், நடுவில் திருகும் பிடி, முகத்தில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. இப்படி ஒன்று கிடைத்தால் அது என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. முகத்தைப் படம் எடுத்து, பழைய கார்களின் டேஷ்போர்டு படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்று. திருப்பிப் போட்டு, பின்பக்க டெர்மினல்களை, அதாவது ஒயர் மாட்டும் முனைகளைப் படித்து மல்டிமீட்டரால் சோதிப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். நம் கடற்கரையில் கிடைக்கும் எந்தப் பழைய சுவிட்சுக்கும் அதையே சொல்வேன்.

முகம் பார்ப்பது சுலபம், செலவில்லை, கழற்ற வேண்டியதும் இல்லை. ஆங்கிலேய வண்டி என்றால் பிடியைச் சுற்றி ‘ஆஃப், எஸ், எச்’ என்று இருக்கும். எஸ் சைடு லைட், எச் ஹெட்லைட். ஆனால் லூகாஸ் போன்ற, கார்களுக்கு மின் பாகம் செய்யும் ஆங்கிலேயக் கம்பெனி ஒரே சுவிட்சை ஆஸ்டினுக்கும் கொடுத்தது, மோரிஸுக்கும் கொடுத்தது. முகம் பொருந்தினாலும் செய்தவர் யார் என்பதுதான் தெரியுமே தவிர, எந்த வண்டி என்பது தெரியாது. பாகம் கிடைக்காத ஊர்களில் கையில் கிடைத்த பிடியை மாட்டி ஓட்டியிருப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் உப்புக்காற்று. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி வரை எங்கே கிடந்த சுவிட்சாக இருந்தாலும் முதலில் போவது முகம்தான். வளையம் துத்தநாக வார்ப்பாக இருந்தால் குரோம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். பெயின்ட் எழுத்து அதோடு போய்விடும். இரும்புத் தகடாக இருந்தால் துரு தின்றுவிடும். பின்பக்கம் அப்படியில்லை. பேக்கலைட் என்ற பழைய கெட்டி பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்யாது. பித்தளை பச்சைக் களிம்பு பூக்கும், ஆனால் அடியில் உலோகம் நிற்கும். எழுத்துகள் பேக்கலைட்டில் வார்க்கப்பட்டவை அல்லது பித்தளையில் அழுத்தி அடிக்கப்பட்டவை என்பதால் எளிதில் அழியாது.

சுத்தம் செய்யும்போது மட்டும் பொறுமை வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். காய்ந்த பல் பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு, பித்தளையில் மட்டும் ஒற்றுங்கள். உடனே நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள். என் சுவிட்சில் முதலில் எச் தெரிந்தது, அப்புறம் எஸ், விளிம்பில் ஒரு ஏ (பேட்டரியிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் முனை). இப்படி எழுத்து வந்தால் ஆங்கிலேயப் பக்கம் போகலாம். எழுத்துக்குப் பதில் 30, 56, 57, 58 என்று எண்கள் இருந்தால் அது ஜெர்மன் முறை: 30 பேட்டரி, 56 ஹெட்லைட், 57 பார்க்கிங், 58 சைடு மற்றும் பின் விளக்கு. வரைபடமே தேவையில்லை.

அடுத்தது மீட்டர். இரண்டு முனை இணைந்திருந்தால் சத்தம் போடும் ‘பீப்’ நிலையில் வைத்து, பிடியை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, எந்த டெர்மினல் எதோடு சேர்கிறது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். சைடு நிலையில் ஏ-யும் எஸ்-உம், ஹெட் நிலையில் கூடவே எச்-உம் சேர்ந்தால் அது வெறும் லைட் சுவிட்ச். என்னுடையதில் விளக்கே எரியாத நிலை ஒன்றில் வேறு இரண்டு டெர்மினல்கள் சேர்ந்தன. ஹெட்லைட் நிலையில் அதே இரண்டும் மறுபடி சேர்ந்தன. முகத்தை எத்தனை நாள் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய மூன்று பிரஷ் டைனமோவில் ‘சம்மர்’ நிலையில் பாதி சார்ஜ், ‘விண்டர்’ நிலையில் முழு சார்ஜ். ஹெட்லைட் போட்டால் தானாக முழு சார்ஜ். டைனமோவின் காந்தச் சுருளான ஃபீல்டு சுற்றில், சார்ஜைக் குறைக்க இருக்கும் ரெசிஸ்டன்ஸைத் தாண்டிவிடத்தான் அந்த ஜோடி. சார்ஜைத் தானே கட்டுப்படுத்தும் வோல்டேஜ் ரெகுலேட்டர் 1930களின் நடுவில் பரவியபோது இந்த ஏற்பாடு மறைந்தது. ஆக, இது அதற்கு முந்தைய அமைப்புள்ள ஆங்கிலேய வண்டிக்கான சுவிட்ச். சுதந்திரத்துக்குப் பின் வந்த அம்பாசிடர், ஹெரால்டு எல்லாம் பட்டியலிலிருந்தே போய்விட்டன.

அமெரிக்க வண்டிகளில் என் கை அதிகம் பட்டதில்லை. இழுத்தால் எரியும் பிடி, அதைக் கழற்ற சுவிட்சின் உடம்பில் ஒரு சின்ன ஸ்பிரிங் பொத்தான், டேஷ் விளக்கைக் குறைக்க ஒரு கம்பிச்சுருள் இருந்தால் அந்தப் பக்கம் தேடலாம். அங்கே முகத்துக்கும் பிடிக்கும் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுப்பேன், ஏனென்றால் பிடியின் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும்.

லூகாஸ் பாகங்களில் பல சமயம் மாதமும் வருடமும் உலோகத்தில் அடித்திருப்பார்கள். ‘6 58’ என்றால் 1958 ஜூன். அது பாகம் செய்த தேதி, வண்டியின் தேதி அல்ல.

வழி இரண்டையும் சேர்க்க வேண்டிய இடம் கடைசியில் வரும். டெர்மினல் நாட்டையும் காலத்தையும் சொன்ன பிறகு, டேஷ்போர்டு ஓட்டையின் விட்டத்தையும் திருகு இடைவெளியையும் அளந்து படங்களோடு ஒப்பிட்டால் தேட வேண்டிய பக்கங்கள் வெகுவாகக் குறையும். வண்டியில் மாட்டும் எண்ணம் இருந்தால் பேட்டரி கொடுக்கும் முன் ஒவ்வொரு டெர்மினலுக்கும் சுவிட்சின் உலோக உடம்புக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். உப்பு ஊறிய உள்தகடு ஈரத்தில் கசியும். மீட்டர் லேசாக அசைந்தாலும் முழுசாகப் பிரித்துக் கழுவிக் காயவைக்காமல் மாட்டாதீர்கள்.