நோட்டு, போன், லேப்டாப்: எதில் எழுதினால் கதை முடிகிறது?

என் லேப்டாப்பில் 'கதை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. போன வருடம் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 31 ஃபைல். 'முற்றும்' வரை போனவை நான்கு. மீதி 27-லும் முதல் பத்தி மட்டும் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று இருக்கும். மூன்றாம் பக்கத்துக்கு மேல் ஆள் நடமாட்டமே கிடையாது.

நான் காசுக்காக எழுதுகிறவன் இல்லை. தினமும் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் போய், கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள். கதை எழுதப் பிடிக்கும், அவ்வளவுதான். பிடித்த காரியத்தையே 27 தடவை பாதியில் விட்டிருக்கிறேன் என்றால், குறை என்னிடமா, நான் எழுதுகிற கருவியிலா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நான்கு மாதம் லேப்டாப், நான்கு மாதம் போன், நான்கு மாதம் நோட்டு என்று வருடத்தைப் பங்கு போட்டேன். அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை கதை முடிந்தது? நடை அழகாக வந்ததா என்பதெல்லாம் அப்புறம்.

லேப்டாப்

வேகத்தில் இதை அடிக்க ஆள் இல்லை, விசைப்பலகை தமிழ்99-ஆக இருந்தால். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இதன் அழகே புள்ளியைத் தானாக வைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்து புள்ளி பெற்றுவிடும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. 'கண்டங்கத்தரி' என்ற சொல்லுக்கு ஒன்பதே தட்டு. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 15-க்கு மேல் போகும். 'மமதை' மாதிரி சொற்களில்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்; இரண்டு ம-வுக்கும் நடுவில் ஒரு அ போடாவிட்டால் 'ம்ம' ஆகிவிடும். ஒலிபெயர்ப்பில் பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் விரல் தடுமாறும். மூன்றாவது வாரத்திலிருந்து, தமிழை ஏன் இவ்வளவு நாள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தோம் என்று எரிச்சல் வரும்.

இவ்வளவு வசதி இருந்தும் நான்கு மாதத்தில் லேப்டாப்பில் முடிந்தது ஒரே ஒரு கதை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை ஃபைலைத் திறப்பேன். விட்ட இடத்தைப் பிடிக்க மேலிருந்து படிப்பேன். முதல் வரியில் 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று இருக்கும். அது 'மழை விடவில்லை' ஆகும். செவ்வாய்க்கிழமை 'மழை விட்டபாடில்லை'. புதன்கிழமை மழையே வேண்டாம், வெயில் இருக்கட்டும் என்று தோன்றும். வெயில் என்றால் குடையை வாசலில் மறந்து வைத்துவிட்டுப் போகிறவன் வேண்டாம். அவன் போனால் கதையே இல்லை. அழிப்பதற்குச் செலவே இல்லாத இடத்தில் மனிதன் அழித்துக்கொண்டேதான் இருப்பான்.

இன்னொன்றும் உண்டு. 2005 வாக்கில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கதைகள் சில என்னிடம் இருக்கின்றன. இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ மந்திரம் போலத் தெரிகிறது. எழுத்துரு மாற்றியில் போட்டு மீட்டுக்கொண்டேன் என்றாலும் அரை நாள் வேலை. தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு வைத்திருக்கிற யூனிகோடில் அடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழைய ஃபைல் வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றி வைப்பது நல்லது.

போன்

ரயிலில் நோட்டை விரித்தால் எழுத்து ஈசிஜி மாதிரி வரும். அதனால் பயணத்தில் போன்தான் வழி. திருவெறும்பூர் தாண்டியதும் ஆரம்பித்தால் பூதலூர் வருவதற்குள் ஒரு காட்சி தேறும். திரையில் எட்டு வரிக்கு மேல் தெரியாததால் முந்தின பக்கத்தைத் தோண்டும் ஆசை குறைவு. நான்கு மாதத்தில் மூன்று கதை. ஆனால் அதே எட்டு வரியால் வந்த வினையும் உண்டு: முதல் பாதியில் 'சரசு' என்று இருந்தவள் இரண்டாம் பாதியில் 'சரோஜா' ஆகி, ஒரு வயதும் குறைந்திருந்தாள்.

குரலால் எழுதுவதையும் பார்த்தேன். உரையாடலுக்கு இது மாதிரி வேறெதுவும் இல்லை. கையால் எழுதும்போது 'நீ எங்கே போயிருந்தாய்?' என்று மேடை நாடகம் போடுகிற என் பாத்திரங்கள், வாயால் சொன்னபோது 'எங்கய்யா போய்த் தொலைஞ்ச?' என்று மனிதர்கள் மாதிரி பேசினார்கள். ஆனால் வருணனையைச் சொல்லிப் பாருங்கள், தாசில்தாருக்கு மனு எழுதுகிற தொனி வந்துவிடும். அதோடு வல்லினம் மிகும் இடமெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. முற்றுப்புள்ளி, காற்புள்ளியைப் பிறகு நாமேதான் போட வேண்டியிருக்கிறது.

பொது இடத்தில் இதைச் செய்வதில் ஒரு சிக்கல். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, 'நீ பேசாம அன்னைக்கே செத்துப் போயிருக்கலாம்' என்று ஒரு பாத்திரத்தின் வசனத்தைத் தணிந்த குரலில் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "தம்பி, வீட்டுல ஏதும் பிரச்சினையா? கோவத்துல வார்த்தைய விட்ராதப்பா" என்றார். கதை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சரிங்கம்மா" என்று வாங்கிக் குடித்தேன்.

போனில் எனக்குப் பெரிய குறை வேறு. விசைப்பலகை நமக்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறது. எங்கள் பக்கத்தில் விடியற்காலையை 'வெள்ளனே' என்போம். அதை அடிக்கப் போனால் 'வெள்ளை'யும் 'வெள்ள'மும் முன்னால் வந்து நிற்கும். ஒரு தடவை, இரண்டு தடவை போராடலாம். மூன்றாவது தடவை 'அதிகாலையில்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஒரு கதை முழுக்க இப்படியே நடந்தால், அந்தக் கிழவி காவிரிக்கரையில் பிறந்தவளா, செய்தி வாசிக்கும் ஸ்டுடியோவில் பிறந்தவளா என்று தெரியாமல் போகும். அலுவலக மெயிலுக்கு இந்த உதவி வரம். கதைக்கு இது கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல்.

நோட்டு

ரூல் போட்ட, இரண்டு குயர், லாங் சைஸ் நோட்டு. காலை ஐந்தரைக்கு, காபிக்கும் குளியலுக்கும் நடுவில் 20 நிமிடம். ஒரு பக்கம் வந்தால் பெரிய விஷயம். என் கையெழுத்துக்கு அது 170, 180 சொல். லேப்டாப்பில் அந்த நேரத்தில் இரண்டு மடங்கு வரும். ஆனாலும் நான்கு மாதத்தில் ஐந்து கதை முடிந்தது, அதில் ஒன்று 40 பக்கம்.

வேகம் குறைந்த இடத்தில் எண்ணிக்கை எப்படிக் கூடியது? நோட்டில் திருத்த முடியாது, அடிக்கத்தான் முடியும். அடித்த சொல்லும் கோட்டுக்கு அடியில் முழித்துக்கொண்டு கிடக்கும். முதல் பத்தியை நான்கு முறை அடித்தால் பக்கம் பார்க்கச் சகிக்காது. கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. 'மாமியார் பெயர் மாற்று', 'கடிதம் முன்னாடியே வரணும்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டுவிட்டு மேலே நடக்கலாம். இரண்டாம் பாதியில் எழுதும்போது, முதல் பாதி சரியாகிவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன்.

நோட்டில் எழுதியதை மறுபடி லேப்டாப்பில் அடித்து ஏற்ற வேண்டுமே என்பார்கள். உண்மைதான், அலுப்பான வேலை. ஆனால் அந்த அலுப்பு ஒரு நல்ல ஆசிரியர். இரண்டு பக்க வருணனையை விசைப்பலகையில் ஏற்ற விரல் மறுத்தால், அது வாசகனுக்கும் வேண்டாத வருணனை. 40 பக்கக் கதை ஏற்றி முடித்தபோது 29 பக்கம் ஆனது.

குறை இல்லாமல் இல்லை. நோட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. ஒருநாள் நோட்டைத் திறந்தால், தகப்பன் சாகிற காட்சிக்கு நடுவில் விட்டிருந்த இடத்தில் அம்மாவின் கையெழுத்து: 'பால் 12, 13 வரலை. 14 ஒரு லிட்டர்.' கோபமாக வந்தது. ஏற்றும்போது அந்த இரண்டு வரியையும் அப்படியே கதைக்குள் வைத்தேன். சாவு வீட்டுக் காலண்டரில் எழுதியிருந்ததாக. அந்தக் காட்சியில் இருப்பவற்றில் அதுதான் நல்ல வரி.

தினமுமா, ஞாயிறு மட்டுமா?

கருவியைத் தாண்டி இன்னொரு வழக்கும் இதில் இருக்கிறது. தினம் கொஞ்சம் எழுதுகிறவர்கள் ஒரு கட்சி, வாரம் ஒருநாள் உட்கார்ந்து தள்ளுகிறவர்கள் இன்னொரு கட்சி.

ஞாயிறு கட்சியின் தொல்லை நம் ஊர்ப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. வைகாசி, ஆவணி, தை என்றால் ஞாயிறு முழுக்கக் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. ஆடியும் மார்கழியும்தான் எழுத்தாளனுக்கு ஞாயிறு கிடைக்கும் மாதங்கள். கிடைத்த ஞாயிற்றிலும் முதல் ஒரு மணி நேரம், போன வாரம் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஞாபகப்படுத்தவே போய்விடும். தினம் எழுதுகிறவனுக்கு அந்தச் சண்டை குளிக்கும்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தினம் என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் 1999-இல் 21 பேரோடு தொடங்கிய நாவல் எழுதும் சவாலான நானோரைமோ, ஒரே மாதத்தில் 50,000 சொல் என்று கணக்கு வைத்தது. நாளுக்கு 1,667. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டாலும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தவிக்கிற தமிழ் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு என்பதை யாரும் யோசிப்பதில்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்குள்ளேயும்' என்பது நமக்கு ஒரே சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டு ஆகும். தமிழில் 1,667 சொல் என்பது சுமை மூட்டையை இரட்டிப்பாக்கித் தூக்குகிற கதை. இன்னொரு கோடியில், ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை, நாவலுக்கு நாவல் இடைவெளி விட்டு, நாளொரு அத்தியாயமாக 26 நாவல்கள் எழுதினார். அதைப் பார்த்துப் பிரமிக்கலாம். பார்த்து டைம்டேபிள் போட்டால் உடம்பு தாங்காது.

நான் சொற்களை எண்ணுவதை நிறுத்தி, நிமிடத்துக்கு மாறினேன். ஒருநாள் தவறினால் எல்லாம் போச்சு என்கிற பயமும் வேண்டியதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. சாப்பாடு, நடை போன்ற சின்னப் பழக்கங்கள் பற்றியது. பழக்கம் படிய எடுக்கும் நாள் 18 முதல் 254 வரை ஆளுக்கு ஆள் மாறும் என்று அதை வைத்துக் கணித்தார்கள், நடு மதிப்பு 66. எல்லோரும் சொல்கிற 21 நாள் கணக்கு எவ்வளவு அவசரக் கணக்கு என்று பாருங்கள். நடுவில் ஒருநாள் விட்டவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை என்பதும் அதில் உண்டு. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து மறுநாள் எழுதலாம்.

ஞாயிற்றை நான் ஒதுக்கவில்லை. நோட்டில் இருப்பதை லேப்டாப்பில் ஏற்ற அதுதான் சரியான நாள். திருத்தும் வெறியையெல்லாம் அங்கே கொட்டிக்கொள்ளலாம். கதை அதற்குள் முடிந்துவிட்டிருக்கும், என்னால் கெடுக்க முடியாது. போன் உரையாடலுக்கு மட்டும். ரயிலில் கூட்டம் இல்லாத பெட்டியாகப் பார்த்து ஏறுகிறேன்.

கை வலியோ கழுத்து வலியோ இருப்பவர்களுக்கு நோட்டு சரிப்படாது. அவர்கள் லேப்டாப்பிலேயே ஒவ்வொரு நாளும் புது ஃபைல் திறந்து, நேற்றைய ஃபைலைத் தொடாமல் எழுதிப் பார்க்கலாம். நான் பத்து நாள் அப்படிச் செய்தேன், ஓரளவு வேலை செய்தது. பதினோராம் நாள் நேற்றைய ஃபைலைத் திறந்துவிட்டேன்.

நோட்டு வாங்குவதாக இருந்தால் ஸ்பைரல் வேண்டாம். அதில் பிடிக்காத தாளைச் சர்ரென்று கிழித்துவிடலாம். நடுவில் தைத்த நோட்டாகப் பாருங்கள். அதில் ஒரு தாளைக் கிழித்தால், கூடவே பின்பாதியில் இருக்கிற ஜோடித் தாளும் கழன்று கையோடு வந்துவிடும்.