பென்டாஸ்டார் 3.6 ஆயில் கூலர்: பிளாஸ்டிக்கா, அலுமினியமா, வெறும் சீல் மட்டுமா?

கிராண்ட் கேரவன், ஜீப் ராங்க்லர், கிராண்ட் செரோக்கி என்று வண்டி எதுவானாலும், உள்ளே கிரைஸ்லரின் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வி6 எஞ்சின் இருந்தால் ஆயில் ஃபில்டரும், ஆயிலைக் கூலன்ட்டால் ஆறவைக்கும் ஆயில் கூலரும் ஒரே ஹவுசிங்கில்தான் (உறையில்தான்) இருக்கும். 2011 மாடலிலிருந்து கம்பெனி போட்டு அனுப்பிய அந்த ஹவுசிங் பிளாஸ்டிக். உட்கார்ந்திருக்கும் இடமோ எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளம். அதன் தலைக்கு மேல், சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு இரண்டு அடுக்காக மூடியிருக்கும்.

அது கசிந்தால் ஆயில் உடனே தரைக்கு வராது. முதலில் பள்ளம் நிரம்பும். பிறகு எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழிருந்து பார்ப்பவர் "ரியர் மெயின் சீல் போச்சு" என்பார், அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல். அதை நம்பி கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், இன்டேக்கின் அடியில் டார்ச் அடித்தோ சின்ன குழாய் கேமரா விட்டோ பள்ளத்தைப் பாருங்கள். அங்கே ஆயிலோ கூலன்ட்டோ தேங்கி நின்றால் முதல் சந்தேகம் ஹவுசிங் மேல்தான் விழ வேண்டும்.

இதற்கு மூன்று வழி உண்டு: பழைய ஹவுசிங்கிலேயே சீல்களை மட்டும் மாற்றுவது, கம்பெனியின் பிளாஸ்டிக் ஹவுசிங்கைக் கூலரோடு முழுசாகப் புதிதாகப் போடுவது, வெளிச் சந்தையில் கிடைக்கும் அலுமினிய ஹவுசிங்கைப் போடுவது. என் ஓட்டு அலுமினியத்துக்கு.

சீல் கிட்டுதான் மூன்றிலும் மலிவு. ஹவுசிங்கில் விரிசல் இல்லை, அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறது என்றால் அது போதும். ஆனால் அந்த 'என்றால்' பெரியது. கழற்றிய பழைய சீலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உருண்டையாக இருந்த விளிம்பு அமுங்கிச் சதுரமாகி, நகத்தால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுகியிருக்கும். அத்தனை வருடச் சூட்டைத் தின்றது சீல் மட்டுமல்ல, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்கும்தான். நேர் விளிம்புள்ள எஃகு ஸ்கேலை அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் சீல் கிட்டில் பணம் போடாதீர்கள். ஆயிலும் கூலன்ட்டும் கலந்து எக்ஸ்பான்ஷன் பாட்டிலில் (கூலன்ட் டப்பாவில்) பழுப்புக் குழம்பு மிதந்தாலும் சீல் கிட்டை மட்டும் நம்ப முடியாது, கூலரின் தகடுகளே உள்ளுக்குள் ஓட்டையாகியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். அணைத்ததும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும். சூடான கூலன்ட் இன்னும் அழுத்தத்தில் இருக்கும், அது திரும்பி ஆயிலுக்குள் வரும். பேரிங்குக்கு ஆபத்து இந்த இரண்டாவதில்தான்.

கம்பெனி பிளாஸ்டிக் ஹவுசிங்கில் பொருத்தம் பற்றிக் கவலையே வேண்டாம். சீல், கூலர், உள்ளே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆனால் எந்தக் காரணத்தால் பழையது போனதோ, அதே காரணம் புதியதற்கும் காத்திருக்கிறது. ஃபில்டர் மூடி 24 மி.மீ. சாக்கெட்டில் திறப்பது. மூடியின் மேலேயே 25 என்.எம். (நியூட்டன் மீட்டர், முறுக்கும் அளவு) என்று போட்டிருக்கும். அதை முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் கையோங்கி முறுக்கும் ஒவ்வொரு ஆயில் சர்வீசும் அந்தப் பிளாஸ்டிக் கழுத்தைத்தான் திருகுகிறது.

முடிவைத் தீர்மானிப்பது பாகத்தின் விலையல்ல, அதைத் தொட ஆகும் வேலை. பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், ரேடியேட்டரிலிருந்து கூலன்ட்டை வடிக்க வேண்டும், மேல் இன்டேக்கை எடுக்க வேண்டும், பெட்ரோல் அழுத்தத்தை இறக்கி லைனை விடுவிக்க வேண்டும், இன்ஜெக்டர்களோடு சேர்த்தே கீழ் இன்டேக்கைத் தூக்க வேண்டும். வாயைத் திறந்து நிற்கும் ஆறு போர்ட்டுகளிலும் உடனே துணி அடைக்க வேண்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரலாம். வீட்டில் முதல் தடவை செய்பவருக்கு ஒரு முழு நாள் போய்விடும். மேல், கீழ் இன்டேக் கேஸ்கட்டுகள், கூலன்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிது. இத்தனையும் செய்து திறந்த இடத்தில் சூட்டுக்கு வளையும் பாகத்தையே மறுபடி வைத்து மூட எனக்கு மனம் வராது. அலுமினிய பிளாக்கின் மேல் அலுமினிய ஹவுசிங் என்றால் இரண்டும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவு விரியும், சேர்ந்தே சுருங்கும். இடையிலுள்ள சீல் தேய்ந்து இழுபடுவதில்லை. போல்ட்டின் பிடியும் தளர்வதில்லை.

அதற்காகக் கிடைத்த அலுமினியத்தை எல்லாம் வாங்கக் கூடாது. 2011–13 வண்டிக்கு ஒரு வடிவம், 2014 முதல் வேறு, ஃபில்டரும் வேறு. ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மலிவு நகலில் ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே டிக்டிக் என்று சத்தம் கேட்கும். வால்வுகளைத் திறக்கும் ராக்கர், கேம் தேய்மானத்துக்குப் பெயர் போன எஞ்சின் இது; அந்தச் சத்தத்தைச் சும்மா விடக் கூடாது. வார்ப்பில் ஒட்டியிருக்கும் உலோகத் துகளையும் பாருங்கள்: ஒவ்வொரு துளையிலும் பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பவும் கழுவுங்கள். சில கிட்டில் ஆயில் சென்சார்கள் கூடவே வரும், சிலதில் வராது. பழைய சென்சாரையே எடுத்துப் போடுவதானால் அதன் சீலையும் மாற்றுங்கள். இந்த வெளிச் சந்தைக் கூலர்களின் தகட்டுப் பற்றவைப்பு எத்தனை வருடம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அனுபவம் சேரவில்லை. ஹவுசிங் பற்றித்தான் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

எதைப் போட்டாலும் பொருத்தும்போது சில விஷயங்கள் மாறாது. பழைய ஹவுசிங்கைத் தூக்கும்போது மீந்திருக்கும் கூலன்ட் பள்ளத்தில் கொட்டும். திறந்து கிடக்கும் ஆயில் துளைக்குள்ளும் இறங்கும். தூக்குவதற்கு முன் பள்ளத்தை வேக்கமில் உறிஞ்சுங்கள், தூக்கியதும் மறுபடி உறிஞ்சுங்கள். இதனால்தான் ஆயிலை வேலை முடிந்த பிறகு மாற்ற வேண்டும், முன்னால் அல்ல. கிராண்ட் கேரவனுக்கு சுமார் 5.6 லிட்டர் பிடிக்கும். சீல் உட்காரும் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் துடையுங்கள், பிளேடு வேண்டாம். சிலிக்கான் பேஸ்ட் ஒரு துளிகூட வேண்டாம், பிதுங்கிய துணுக்கு நேரே ஆயில் வழிக்குள் போகும். சீலுக்குப் புது ஆயில் பூசினால் போதும். போல்ட்டுகளின் நீளம் வேறுபடும், அட்டையில் வரைந்து குத்தி வையுங்கள். எல்லாமே இன்ச்-பவுண்டு ரென்ச்சில் (சின்ன டார்க் ரென்ச்சில்) முறுக்க வேண்டிய சின்ன போல்ட்டுகள். பெரிய ரென்ச் அலுமினிய மரையைப் பிடுங்கிவிடும்.

கூலன்ட்டில் 2012 மாடல் வரை ஒரு வகை, 2013 முதல் வேறு. இரண்டையும் கலந்தால் கூழாகலாம். ஆயில் கலந்திருந்த வண்டியில் ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். கூலன்ட் ஹோஸ் ரப்பர் ஆயிலைக் குடித்து உப்பும். பஞ்சு போல் அமுங்கினால் அதையும் மாற்ற வேண்டும். நிரப்பியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட விடுங்கள். ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதே டார்ச்சை எடுத்துப் பள்ளத்தை இன்னொரு தடவை பாருங்கள்.