உஷிக்கு பெரிய புத்தர்: உள்ளே போகாமல் திரும்பிவிடாதீர்கள்

உலகத்தின் உயரமான சிலைகள் பட்டியலை எடுத்து வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. குஜராத்தில் படேல் 182 மீட்டர், சீனாவின் ஹெனான் மாகாணத்தில் வசந்தக் கோயில் புத்தர் 128, ஜப்பானில் உஷிக்கு புத்தர் 120 என்று மனப்பாடமாகச் சொல்வேன். மேலே புதிதாக ஒருத்தர் ஏறிவிட்டால் கீழே இருப்பவருக்கு மவுசு குறைந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். உஷிக்குவுக்கு இரண்டாவது தடவை போய்விட்டு வந்த பிறகு அந்த எண்ணம் சுத்தமாகப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை போனது ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலமாக. நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள், சிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தோம், மறுபடி வண்டியில் ஏறிவிட்டோம். சிலைக்கு உள்ளே போக முடியும் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு அது தெரியவந்ததும் எவ்வளவு வருத்தமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அதனால் அடுத்த முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு, யாரையும் நம்பாமல் நாங்களாகவே போனோம். தோக்கியோ உவேனோவில் ஜோபான் வழித்தட ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தை ஒட்டி உஷிக்கு நிலையம், அங்கிருந்து பஸ். பஸ் அடிக்கடி கிடையாது, அதனால் இறங்கினவுடனே திரும்பி வருகிற பஸ் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகும்போதே வீட்டுக் கூரைகளுக்கும் மரங்களுக்கும் மேலே தலை தெரிய ஆரம்பிக்கிறது. சிலை மட்டும் 100 மீட்டர், அதற்குக் கீழே தாமரை 10, பீடம் 10. நாராவில் இருக்கிற பழைய பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர், அவரை அப்படியே தூக்கி இவருடைய உள்ளங்கையில் உட்கார வைக்கலாம், ஏனென்றால் கை 18 மீட்டர். தலையில் சுருள் சுருளாக இருக்கிற முடி மொத்தம் 480, ஒவ்வொரு சுருளும் ஒரு மீட்டர் அகலம். இவ்வளவு பெரிய உருவம் கனமான வார்ப்பு இல்லை. உள்ளே இரும்புச் சட்டம் எழுப்பி, அதன் மேல் ஆயிரக்கணக்கான மெல்லிய வெண்கலத் தகடுகளைத் தொங்கவிட்டுப் போர்த்தியிருக்கிறார்கள், அதாவது பாரத்தைத் தாங்குவது தோல் இல்லை, எலும்புக்கூடுதான். 1993-ல் திறந்தார்கள், 1995-ல் உலகின் மிக உயரமான வெண்கலச் சிலை என்று கின்னஸில் ஏறியது.

சரி, 120 மீட்டர் ஏன்? 115 இல்லை, 125 இல்லை. இங்கே நிற்பவர் அமிதாப புத்தர். அமித, ஆபா, இரண்டும் நமக்குப் பழக்கமான வடமொழிச் சொற்கள்தான்: அளவில்லாத ஒளி. அவருடைய ஒளியைச் சூத்திரத்தில், அதாவது பௌத்த மறைநூலில், பன்னிரண்டு பெயர் சொல்லிப் போற்றுகிறார்கள். அளவற்ற ஒளி, எல்லையற்ற ஒளி, தடையற்ற ஒளி என்று ஆரம்பித்து, சூரிய சந்திரரை மிஞ்சிய ஒளி என்று முடியும். அந்தப் பன்னிரண்டுதான் 120 மீட்டராக நிற்கிறது. கன்னியாகுமரியில் அய்யன் வள்ளுவர் 133 அதிகாரத்துக்கு 133 அடி நிற்கிறாரே, பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும் என்று கணபதி ஸ்தபதி கணக்குப் போட்டுச் செதுக்கினாரே, அதே மனசுதான் இங்கேயும். படேல் சிலையின் 182-கூட குஜராத் சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கைதான். ஒரு சிலையின் உயரத்தைக் கேட்டால் அது எதை எண்ணிச் சொல்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு இங்கேதான் பட்டது.

இப்போது உள்ளே வருவோம். பின்பக்கமாகப் போய் நுழைய வேண்டும். முதலில் ஒரு இருட்டு அறை. கதவு சாத்தினதும் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சில நொடிகள்தான் இருக்கும், ஆனால் நூறு மீட்டர் வெண்கலத்தை வெயிலில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த இருட்டு ரொம்பக் கனமாக இருந்தது. அப்புறம் எதிர்க் கதவு திறக்கிறது. ஊதாவும் நீலமுமாக மங்கலான வெளிச்சம், ஊதுபத்தி வாசனை, மேலேயிருந்து நேராக இறங்குகிற ஒளிக்கற்றை. அளவற்ற ஒளி என்ற பெயரை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை, இருட்டில் நிறுத்திவிட்டு ஒளியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் தளத்தில் சூத்திரம் எழுதுகிற இடம் இருக்கிறது. மங்கலாக அச்சிட்ட எழுத்துகளின் மேல் நாம் எழுதிப்போக வேண்டியதுதான், ஜப்பான் மொழி தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு வயசானவர் ஒவ்வொரு எழுத்துக்கும் கையை எடுத்து, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினார். நாங்கள் இருந்த நேரத்தில் அவர் ஒரு வரியைத் தாண்டவில்லை. அம்மா ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவள், அவளுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. "நமு அமிதா புத்சு" என்று சொல்கிறார்கள் என்று நான் சொன்னதும், "நமு இல்லடா, நமோ" என்றாள். உண்மைதான், அதே நமோதான், இங்கிருந்து புறப்பட்டு சீனா வழியாகப் போய் அங்கே நமு ஆகியிருக்கிறது. ஷின்ரான் என்ற பெரியவர் (1173–1263) வகுத்த ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்த மார்க்கத்துக்கு அந்தப் பெயரைச் சொல்வதுதான் ஆதாரம். படித்தவனா, பாவம் செய்தவனா என்று அமிதாபர் பார்ப்பதில்லை, நம்பிக் கூப்பிட்டவரை ஏற்றுக்கொள்வார் என்பது அவர் சொன்னது. ஷின்ரான் இருபது வருஷம் போல வாழ்ந்து உபதேசம் செய்ததும் இந்தப் பக்கத்தில்தான். அதனால் சிலை இங்கே நிற்பது தற்செயல் இல்லை.

இன்னொரு தளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தங்க புத்தர்கள், சுவர் முழுக்க வரிசையாக. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

லிஃப்டில் 85 மீட்டர் உயரம் வரை போகலாம், அது சிலையின் நெஞ்சுப் பகுதி, தலைக்குள் போக முடியாது. ஜன்னல்கள் ஒடுக்கமான பிளவு மாதிரி இருக்கும், வெளியிலிருந்து சிலையின் அழகு கெடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் போல. அகலமான கண்ணாடி வழியாக ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு வருபவர்களுக்கு இது போதாது, அவர்கள் ஏதாவது கோபுரத்துக்குப் போகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், அம்மாவே சமாளித்தாள்.

வெளியே பூந்தோட்டம் பெரிசு, குழந்தைகளுக்கு முயல், அணில் எல்லாம் வைத்த சின்ன மிருகக் காட்சியிடமும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சிலையை ஒட்டி இருக்கிற கல்லறைத் தோட்டத்தைத்தான் முதல் தடவை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அமிதாபரின் வலது கை உயர்ந்தும் இடது கை தாழ்ந்தும் இருக்கும், இறந்துபோனவரை எதிர்கொண்டு அழைத்துப் போகிற முத்திரை அது. போட்டோவில் அதை ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தேன். இரண்டு பெண்கள் ஒரு கல்லறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பூ வைத்துவிட்டு, நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிய வேண்டிய கை அது.

குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போனால் நல்லது. உள்ளே போகிற சீட்டைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள், தோட்டத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு என் முதல் பயணம்தான் ஞாபகம் வருகிறது. அம்மா எழுதிய தாளைக் கொண்டுவந்து பூஜை அறையில் வைத்திருக்கிறாள், ஒரு எழுத்தில் மட்டும் மை கொஞ்சம் பரவியிருக்கிறது.