ரேடியேஷன் தேதி விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை

"ரேடியேஷனுக்கு ரெண்டு மாசம் ஆகும்மா. உள்ள நமக்கு ஆள் இருக்கு, அடுத்த வாரமே போட்டுடலாம்." புற்றுநோய்க்கு ரேடியேஷன் (கதிர்வீச்சு சிகிச்சை) வேண்டி அரசு மருத்துவமனை வாசலில் ஃபைலோடு நிற்பவர்களிடம் இப்படிப் பேச்சுக் கொடுக்கும் ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள். வாங்கிய காசுக்கு அவர்கள் செய்வது ஓபி சீட்டு போடுவது, காப்பீட்டு கவுண்ட்டர் வரிசையில் நிற்பது. அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப்.

காசு போனதைவிடப் பெரிய நஷ்டம், அத்தனை நாளும் ஃபைல் ஏன் நகரவில்லை என்று யாரும் கேட்காததுதான்.

பல நேரம் காரணம், பிளாக் கையில் இல்லாதது. தனியாரிடம் பயாப்சி (திசுச் சோதனை) எடுத்தவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவருகிறார்கள். இங்கே பெத்தாலஜியில் (திசுவைப் பரிசோதிக்கும் பிரிவு) ஸ்லைடை, அதாவது திசு ஒட்டிய கண்ணாடித் தகட்டை, மறுபடி பார்ப்பார்கள். மார்பகப் புற்று என்றால் ஈஆர், பிஆர், ஹெர்2 (எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் சோதனைகள்) பார்க்க மெழுகில் பதித்த திசுவே வேண்டும்; அதுதான் பிளாக். பயாப்சி பார்த்த லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு, ஸ்லைடோடு சேர்த்து வாங்குங்கள். (மெழுகு என்பதால் வெயிலில் வைக்கக் கூடாது.)

இதைவிட மோசம், திசுவை சலைனில் போட்டு அனுப்பும் கிளினிக்குகள். திசு கெட்டுப்போய் மறுபடி பயாப்சி எடுக்க வேண்டிவரும். 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்), திசுவைப் போல 10 மடங்கு அளவு ஊற்றி, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். பாட்டிலில் என்ன ஊற்றினீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் புரோக்கர் தேவையில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

வாய், தொண்டைப் புற்று என்றால் முதல் நாளே பல் பிரிவுக்கும் போய்விடுங்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் புண் ஆற இரண்டு வாரம் பிடிக்கும். அதற்கு முன் ரேடியேஷன் தொடங்க மாட்டார்கள். கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் முதலில் ரத்தம் ஏற்றுவார்கள். தொடங்கிவிட்டால் உள்கதிர்வீச்சு (உடலுக்குள்ளே கருவி வைத்துக் கொடுப்பது) உட்பட எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும், நடுவில் ஊருக்குப் போய்விடாதீர்கள்.

"மிஷின் ரிப்பேர், பிரைவேட்டுக்குப் போலாம்" என்று ஆட்டோவில் ஏற்றுவது இன்னொரு வழி. மிஷின் நிஜமாகவே ரிப்பேர் ஆவதும் உண்டு. அதை ரேடியோதெரபி பிரிவுக்குள் போய்க் கேளுங்கள். உண்மையென்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை மாதிரி இன்னொரு அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். காசு கேட்டவன் வெளியாள் என்றால் ஆர்எம்ஓவிடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) எழுதிக் கொடுங்கள், ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை.