எம்.எஸ்சி. சைக்காலஜியா, ஆர்.சி.ஐ. எம்.ஃபிலா: எந்தக் கையெழுத்து செல்லும்?

ஒரு அம்மா கையில் பைலோடு வந்தார். மகனுக்கு அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்க ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்திருந்தார்கள். பினே-காமத் டெஸ்ட் மதிப்பெண், விளக்கம் எல்லாம் நான்கு பக்கத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே எம்.எஸ்சி. என்று மட்டும் இருந்தது, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இல்லை. சான்றிதழ் தரும் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே டெஸ்ட்டை உடனே திரும்ப வைக்கவும் முடியாது, பையனுக்குக் கேள்விகள் பழகிப்போயிருக்கும்.

பள்ளி கவுன்சிலராக இருப்பதால் பிளஸ் டூ முடித்தவர்களும் டிகிரி முடித்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "அக்கா, எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி படிச்சா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆயிடலாம்ல?" படிப்பின் பெயரில் கிளினிக்கல் என்று இருந்தால் மட்டும் ஆக முடியாது. பிஎச்.டி. வாங்கினாலும் அது மட்டும் போதாது. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று சொல்லும்போது இந்த அங்கீகாரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

சரி, எம்.எஸ்சி. வீணா என்றால், இல்லவே இல்லை. இரண்டு வருடம், தேர்வு, சில வாரங்கள் இன்டர்ன்ஷிப், பெரும்பாலும் ஒரு ஆய்வேடு, அவ்வளவுதான் பட்டத்துக்கான நிபந்தனை. வேலைக்குப் போய்க்கொண்டே இக்னோவில் தொலைநிலையில் எம்.ஏ. சைக்காலஜி முடித்தவர்கள் நிறையப் பேர். சி.பி.எஸ்.இ. பள்ளி கவுன்சிலர் வேலைக்கு, கார்ப்பரேட்டில் மனிதவளத் துறைக்கு, தொண்டு நிறுவனங்களுக்கு இது போதும். நானும் அப்படி வந்தவள்தான், என் வேலையைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் பிற்பாடு எம்.ஃபில். போகும் ஆசை இருந்தால் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சில நிறுவனங்கள் நேரடி வகுப்பில் படித்த முதுகலையைத்தான் ஏற்கின்றன. மதிப்பெண்ணும் 55 சதவீதம் வேண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜியில் கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில். வேறு உலகம் (அதன் சேர்க்கை நிலவரம் மாறியிருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்). முதுகலைக்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம், முழுநேரம், மருத்துவமனை வார்டிலும் ஓ.பி.யிலும். வருகை 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. விடுமுறை வருடத்துக்கு 15 நாள்தான், என்ன ஆனாலும் நான்கு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். பக்கத்தில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு படிக்கலாம் என்ற பேச்சே கிடையாது. கேஸ் ஹிஸ்டரி, சோதனை அறிக்கை, தெரபி பதிவு என்று எழுதி எழுதி, மேற்பார்வையாளர் அடித்துத் திருத்தி, மறுபடி எழுதி, அதற்கு மேல் ஆய்வேடும். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. மாதிரி மத்திய அரசு மனநல நிறுவனங்களில் உதவித்தொகை உண்டு. தனியாரில் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல். நம் பக்கம் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் நிப்மெட் (பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம்) இருக்கிறது. எங்கேயும் இடங்கள் குறைவு, முதல் முயற்சியில் கிடைக்காதவர்கள் அடுத்த வருடம் திரும்ப எழுதுகிறார்கள்.

முடித்தபின் மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவமனைகள், சொந்த கிளினிக், எல்லாவற்றுக்கும் கதவு திறக்கும். அந்த அம்மாவின் பைலில் இல்லாத எண் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அது பெரிய சுமை இல்லை.

சமூகப் பணி படித்தவர்களுக்கு மனநல சமூகப் பணியில் எம்.ஃபில். என்று தனி வழி உண்டு, 2017 சட்டம் அதையும் அங்கீகரிக்கிறது.

என்னைக் கேட்டால், சோதனை செய்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் ஆசை இருந்தால் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத குறுக்குவழியை நம்பாதீர்கள். வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்றால் எம்.எஸ்சி. முடித்துப் பள்ளியில் சேருங்கள், இரண்டு மூன்று வருடம் பணம் சேர்த்துப் பிறகு, அப்போது அங்கீகாரம் பெற்றிருக்கும் படிப்புக்குப் போகலாம்.

ஒன்று மட்டும் கவனம். 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. 2024 ஜனவரியில், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நீட்டிக்கப்பட்டது. அதனால் மூத்த மாணவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் சேரும் வருடம் எந்தப் படிப்பு, என்ன பெயரில், எத்தனை இடத்துக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று கவுன்சிலின் பட்டியலில் பாருங்கள். கல்லூரியில் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, எந்த ஆண்டு வரை என்று போட்டிருக்கிறதோ அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.