வயிற்றுக்குள் திடீர் ரத்தக்கசிவு: கம்பிச்சுருளா, அறுவை சிகிச்சையா?

செக்மென்டல் ஆர்ட்டீரியல் மீடியோலைசிஸ், 1976-ல் முதலில் விவரிக்கப்பட்ட அரிய நோய். குடலுக்கும் கல்லீரலுக்கும் போகும் தமனிச் சுவரின் நடு அடுக்கு ஆங்காங்கே சிதைந்து, அந்த இடம் பலூன் போலப் புடைத்து வெடிக்கலாம். கொழுப்புப் படிவோ அழற்சியோ இதற்குக் காரணமில்லை. வெடித்தபின் வழி இரண்டு.

கம்பிச்சுருள் முறைக்குத் தொடை இடுக்கில் சின்னத் துளை போதும். மெல்லிய குழாயை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே நகர்த்தி, பிளாட்டினச் சுருளால் அடைக்கிறார்கள். புடைப்புக்கு முன்னால் மட்டும் அடைத்தால் பக்கக் கிளைகள் வழியே ரத்தம் பின்புறமாக வந்துவிடும். இரு பக்கமும் அடைக்க வேண்டும். இந்தத் தமனிகள் நைந்த துணி மாதிரி. குழாய் உரசினாலே கிழியக்கூடும். ஆனாலும் குழாய் எட்டும் இடமென்றால் என் வாக்கு இதற்குத்தான். வயிற்றைத் திறக்காமலே ரத்தம் நிற்கிறது, பக்கத்துத் தமனிகளின் புடைப்புகளும் அதே படத்தில் தெரிந்துவிடுகின்றன.

அறுவை சிகிச்சையில் காயம் பெரிது, தேறி எழ நாளாகும். ஆனால் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகிறவருக்கும் குடல் கறுத்துப்போனவருக்கும் அதை விட்டால் வேறு கதியில்லை. அழுகிய குடலைச் சுருளால் மீட்க முடியாது.

எதைச் செய்தாலும் பிறகு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வேறொரு தமனியில் புதிதாகப் புடைக்கலாம்.